எடுத்த படமெல்லாம் எங்கே போச்சு?

வீட்டில் ஒருவருக்குக் கேமராப் பைத்தியம் பிடித்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்களுக்கு என்ன மிச்சம் தெரியுமோ? மேஜை இழுப்பறை நிறைய ஒயரும் சார்ஜரும் லென்ஸ் மூடியும்தான். தஞ்சாவூர்க் கோபுரம் இருக்கும், மழையில் நனைந்த காக்கை இருக்கும், பாப்பா முதல் முதலாகக் குப்புறித்துக் கொண்டது இருக்கும். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே! சுவரைப் பார்த்தால் கல்யாணத்தன்று எடுத்த ஒரே ஒரு படம், அதுவும் ஓரம் வெளுத்துப் போய்.

"மூணு வருஷமாகக் குழந்தையைப் படமாக எடுத்துத் தள்ளுகிறார் இவர். என் மாமியார் 'பேத்தி படம் ஒண்ணு கையில கொடேன்'னு கேட்டா கொடுக்க ஒண்ணும் இல்லை. பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டலாமா, இல்லே இந்த டிஜிட்டல் பிரேம்னு விற்கிறார்களே, அதை வாங்கலாமா?" என்று ஒரு இளம் தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் இவருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. ஆகையால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள் சகோதரிகளே. கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். எத்தனை அங்குலம், எவ்வளவு ஜி.பி. என்றுதான் ஆரம்பிப்பார். கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்காத மாமியாருக்கு வேண்டியது ஒன்று, கூடத்துக்கு வருகிற விருந்தாளிக்குக் காட்ட வேண்டியது வேறு.

இரண்டாவது வேலை, படங்களைப் பொறுக்குவது. என் அப்பா வைத்திருந்த ஆக்பா கிளிக் 3 கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான். பன்னிரண்டும் பிரிண்ட் ஆகி வீட்டுக்கு வந்துவிடும். கண் மூடியிருந்தாலும் அதுதான் படம்! இப்போதோ ஒரு பிறந்த நாளுக்கே முந்நூறு எடுக்கிறார்கள். வருஷத்துக்கு இருபது என்று கணக்கு வைத்துப் பொறுக்குங்கள். பொறுக்குவதைப் படம் எடுத்தவரிடம் விடாதீர்கள். அவர் பின்னால் வானம் எப்படி வந்திருக்கிறது, வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். பல் விழுந்த பொக்கை வாயோடு குழந்தை சிரிக்கிற படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் தள்ளிவிடுவார். நாம் அதைத்தானே தேடுவோம்? இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக் கொள்ளக்கூடாது. பத்து வருஷப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அம்மாவுக்குப் படத்தில் கை மட்டும்தான் இருக்கும், சோறு ஊட்டுகிற கை! மாதத்துக்கு ஒரு நாளாவது கேமராவை வாங்கி மூத்த பிள்ளையிடம் கொடுத்து, நீங்களும் குழந்தையுமாக எடுத்துக் கொள்ளுங்கள்.

சரி, பிரிண்டுக்கு வருவோம். ஸ்டூடியோவில் சாதாரணமாகப் போட்டுத் தருவது 4×6 அங்குலம். நம் போனில் எடுக்கும் படம் பெரும்பாலும் 4-க்கு 3 என்ற அளவில் இருக்கும். 4×6 காகிதமோ 3-க்கு 2. துணி அளவு தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆறு அங்குல அகலத்துக்குப் போன் படத்தைப் பரப்பினால் உயரம் நாலரை அங்குலம் வரும், காகிதம் இருப்பதோ நாலு. அரை அங்குலம் வெட்டத்தான் வேண்டும். மிஷின் எங்கே வெட்டும்? சில சமயம் தாத்தாவின் தலைப்பாகையில், சில சமயம் குழந்தையின் கொலுசுக் காலில். அதனால் போன் படத்துக்கு 6×8 கேளுங்கள், அளவு அப்படியே பொருந்தும். பெரிய கேமராக்களில் பல 3-க்கு 2 அளவில் எடுப்பவை. அவற்றுக்கு 4×6, 8×12, 12×18 எல்லாம் சரியாக இருக்கும். ஸ்டூடியோவிலேயே திரையில் காட்டச் சொல்லி, எங்கே வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் தெளிவாக இருக்கும். 4×6 படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளி. 8×12-க்கு 2400-க்கு 3600, அதாவது சுமார் 86 லட்சம் புள்ளி. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 இருந்தாலே போதும் என்பதால், அதே படத்தை 12×18 ஆகவும் தாராளமாகப் போடலாம். இன்றைய சாதாரணப் போன்களே இதற்கு மேல் எடுக்கின்றன. பிறகு ஏன் பெரிய பிரிண்ட் மசமசவென்று வருகிறது? வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டு போய்க் கொடுப்பதால்தான். அதில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. 2023-ல் இருந்து 'எச்.டி.' என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை. அதைவிட நல்லது, 'டாக்குமென்ட்' என்கிற வழியில் அனுப்புவது, இல்லாவிட்டால் பென் டிரைவில் எடுத்துக் கொண்டு போவது. தங்கை டில்லியிலிருந்து அனுப்பிய சீமந்தப் படத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அவளிடமே ஒரிஜினலைக் கேளுங்கள்.

போனில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கிற படம் காகிதத்தில் கொஞ்சம் மங்கித்தான் வரும். திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது, காகிதத்துக்குப் பின்னால் ஏது? வெளிச்சத்தை ஒரு படி கூட்டி, முதலில் சின்ன 4×6 ஒன்று போட்டு, எந்த இடத்தில் மாட்டப் போகிறீர்களோ அங்கே பிடித்துப் பார்த்துவிட்டுப் பெரிது போடச் சொல்லுங்கள். காகிதத்தில் பளபளப்பும் உண்டு, மேட் என்பதும் உண்டு. டியூப்லைட் இருக்கிற நம் கூடத்துக்கு மேட்தான் என் கட்சி. பளபளப்பில் படத்தைவிட டியூப்லைட்தான் நன்றாகத் தெரியும்!

பிரேம் கடைக்குப் போகும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குத் தேவராஜ முதலி தெருப் பக்கம் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் சாமி படம் சட்டம் போடுகிற கடைதான். அங்கே படத்தை அட்டையில் பசை தடவி ஒட்டி, மேலே கண்ணாடியை வைத்து அழுத்தி, பின்னால் ஆணி அடித்து ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போகட்டும். சுவர் ஓதம் உள்ளே ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அங்கங்கே ஈரத் திட்டுப் போல மினுமினுக்கும். அப்புறம் பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். இதற்கு 'மவுண்ட்' என்று ஒரு கனமான அட்டை இருக்கிறது. நடுவில் ஜன்னல் போல வெட்டி, படத்தின்மேல் வைப்பார்கள். அது வெறும் அழகுக்கு என்று நினைக்கிறோம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுவதுதான் அதன் உண்மையான வேலை. மவுண்ட் வேண்டும், பசை வேண்டாம், மூலையில் மட்டும் பிடித்தால் போதும் என்று அழுத்திச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை என்று தனியாக இருக்கிறது. சாதா அட்டை நாளாக ஆக மஞ்சள் பூத்து, அந்த மஞ்சள் படத்திலும் இறங்கும். முதுகுப் பக்கத்தை காகித டேப்பால் சுற்றி ஒட்டச் சொன்னால் ராமபாணப் பூச்சி நுழையாது. கீழ் மூலை இரண்டிலும் பாட்டில் கார்க்கில் ஒரு வில்லை வெட்டி ஒட்டிவிடுங்கள். சட்டம் சுவரோடு ஒட்டாமல் நிற்கும், கரையான் மண் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

கண்ணாடி துடைக்கிறபோது திரவத்தை நேரே கண்ணாடியில் பீச்ச வேண்டாம். வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் போய்ப் படத்தின் அடியைத் தொட்டுவிடும். துணியில் நனைத்துத் துடையுங்கள். இதே காரியம் வேறு ஒரு விதத்திலும் நடக்கிறது. பெரியவர்கள் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ போடுகிறோம் அல்லவா? பூக்காரி தண்ணீர் தெளித்துக் கொடுத்த மாலையை அப்படியே மாட்டினால் அந்தத் தண்ணீர் மேல் சட்டத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். நெற்றிக்கு நேரே பழுப்பாக ஒரு கோடு இறங்கிய மாமனார் படங்களை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். மாலையைக் கொஞ்ச நேரம் கொடியில் தொங்கவிட்டு, நீர் வடிந்த பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் சந்தன மாலை இருக்கவே இருக்கிறது. சந்தனம் குங்குமம் வைப்பதையும் ஓரத்தில் வைக்காமல் கண்ணாடியின் நடுப்பாகத்தில் வைத்தால் சரியாகப் போயிற்று.

குழந்தை இருக்கிற வீட்டில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாம். எடை கண்ணாடியில் பாதிதான், விழுந்தாலும் சில்லாகச் சிதறாது. ஆனால் சுலபமாகக் கீறல் விழும், தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி துடைக்கிற அமோனியா கலந்த திரவத்தைப் பட்டால் மங்கிவிடும். மெல்லிய ஈரத் துணி மட்டும் போதும். எதுவானாலும் தொட்டில், கட்டில் இவற்றுக்கு நேர் மேலே கனமான படம் வேண்டவே வேண்டாம். ஒட்டு ஹூக்குகள் டிஸ்டெம்பர் அடித்த சுவரில் நிற்காது. பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு விழும். துளை போட்டு பிளக் சொருகி ஸ்க்ரூ போடுங்கள். பெரிய படத்துக்கு இரண்டு இடத்தில் போட்டால் கோணாமலும் நிற்கும்.

எந்தச் சுவர்? வெயில் நேரே அடிக்கிற சுவர் கூடாது, கலர் வெளுத்துவிடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடிப் பிரதிபலிப்புத் தொல்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரி. சமையலறைக்கு அடுத்த சுவரில் கான்வாஸ் பிரிண்ட் மாட்டாதீர்கள். அதற்குக் கண்ணாடி கிடையாது. தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் துணி இழையில் ஏறிவிட்டால் துடைக்க வழியில்லை. உயரம், படத்தின் நடுப்பாகம் தரையிலிருந்து சுமார் ஐந்தடி என்பது நிற்பவர்களுக்கான கணக்கு. நம் வீடுகளில் யார் நின்று பார்க்கிறார்கள்? உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் ஒரு அடி இறக்கியே மாட்டுங்கள். குழந்தை கண்ணுக்கு எட்டுகிற மாதிரி இரண்டு சின்னப் படம், கண்ணாடி இல்லாமல், தாழ்வாக வைத்துப் பாருங்கள். "இது யாரு? அத்தை!" என்று அது தானாகவே சொல்ல ஆரம்பிக்கும்.

பழைய படம் விஷயம் தனி. தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் தெளிவாக இருக்கிறதே, நம் அம்மா அப்பா கல்யாணக் கலர் படம் மட்டும் ஏன் சிவந்து போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. கலர் படத்தில் மூன்று சாயங்கள். எழுபதுகளில் போட்ட கலர் பிரிண்ட்களில் நீலப் பச்சைச் சாயம் முதலில் மங்கும், ஆல்பத்தில் இருட்டில் மூடி வைத்திருந்தாலும்கூட மங்கும். மிச்சம் நிற்பது சிவப்புத்தான். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' காகிதத்தில் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் உங்கள் பிறந்த வீட்டுப் பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இப்படிப்பட்ட படத்தின் ஒரிஜினலை மாட்டவே கூடாது. ஸ்கேன் செய்து நகலை மாட்டுங்கள். சின்னப் படமாக இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 2×3 அங்குலப் படம் அழகாக 4×6 ஆகிவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கத்தி வைத்துக் கிளப்ப வேண்டாம். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்துவிடலாம். பசை பூசிய பக்கத்தில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பம் இருக்கிறதே, அதுவும் படத்துக்குச் சத்துரு. பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்போது டிஜிட்டல் பிரேம். எதிர் வீட்டில் எண்பத்து மூன்று வயதுப் பாட்டி ஒருத்தர் இருக்கிறார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிக்கொண்டே வருகிறது. பிள்ளை கனடாவில். அவர் வை-பையில் ஓடுகிற பிரேம் ஒன்றை அனுப்பி வைத்தார். அங்கே அவர் போனில் எடுத்தால் இங்கே பாட்டியின் கட்டிலருகே படம் வந்து நிற்கும். நல்ல ஏற்பாடுதானே? ஆனால் முதல் வாரம் பாட்டிக்கு ஒரே பதற்றம். "யாரோ வராங்க, போறாங்க, நிக்கச் சொல்லுடி" என்று மருமகளைக் கூப்பிட்டபடி இருந்தார். ஐந்து விநாடிக்கு ஒரு படம் மாறுகிறபடி வைத்திருந்தார்கள். அந்த மனசால் அவ்வளவு வேகத்துக்கு ஓட முடியுமா? பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று மாற்றினோம். ஐந்நூறு படத்தை முப்பதாகக் குறைத்தோம். கூட்டமாக நிற்கிற படங்களை எடுத்துவிட்டு, ஒருவர் இருவர் முகம் பெரிதாகத் தெரிகிற படமாக வைத்தோம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் 'பேரன் கார்த்தி' என்கிற மாதிரி தமிழில் பெரிய எழுத்தில் பெயர். இப்போது பாட்டி படத்தைப் பார்த்துப் பேசுகிறார். சில நாள் பேரனைத் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார். அதனால் என்ன? பேசுகிறாரே!

அந்த வீட்டில்தான் இன்னொரு சங்கடமும் வந்தது. சுவரில் மாட்டும்போது இருப்பவர் படத்தையும் போனவர் படத்தையும் ஒரே வரிசையில் மாட்டமாட்டோம். இந்த மிஷினுக்கு அது தெரியுமா? தாத்தாவின் மாலை போட்ட படம் வந்து, அடுத்ததே கைக்குழந்தை படம் வந்தது. பாட்டியின் நாத்தனார் "என்னடி அபசகுனமா!" என்று சண்டைக்கே வந்துவிட்டார். சிரிக்க வேண்டாம், பெரியவர்கள் மனசு அது. தாத்தாவின் மாலை போட்ட படத்தை எடுத்துவிட்டு, அவர் திண்ணையில் பேப்பர் படிக்கிற பழைய படத்தை வைத்தார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் பாட்டி அதைப் பார்த்து "இவர் எங்கே, இன்னும் வரலையே" என்று கேட்கிற நாள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் மருமகள் பிரேமை அணைத்துவிடுகிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், என்னென்ன படம் போகிறது என்று நீங்கள் பார்க்காமல் மற்றவர் இஷ்டத்துக்கு அனுப்ப விடாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலதான். பெட்டிமேல் அங்குலம் பெரிதாகப் போட்டிருக்கும், புள்ளி எண்ணிக்கை சின்ன எழுத்தில் இருக்கும். 10 அங்குலத்துக்கு 1280-க்கு 800 இருந்தால் நல்லது. 1024-க்கு 600 என்றால் முகம் மழுங்கும். 8 அங்குலத்தில் 1024-க்கு 768 என்பது போன் படத்தின் அளவோடு சரியாகப் பொருந்தும், மேலும் கீழும் வெட்டுப்படாது. ஐ.பி.எஸ். திரையா என்று கேளுங்கள். அப்படியானால் பக்கத்திலிருந்து பார்த்தாலும், கட்டிலில் படுத்தபடி பார்த்தாலும் நிறம் மாறாது. கடையில் நேரே நின்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் இது தெரியாது, குனிந்தும் பாருங்கள், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று பார்க்க வேண்டாம். நெடுக்காக எடுத்த படங்கள் படுக்கையான பிரேமில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு சின்னதாகத்தான் வரும். ஆகவே பிரேமை எப்படி வைக்கப் போகிறீர்களோ அதே வாக்கில் எடுத்த படங்களாகப் போடுங்கள்.

இன்டர்நெட் இல்லாமலும் கார்டு, பென் டிரைவ் போட்டால் ஓடுகிறதா என்பது மிக முக்கியம். வை-பை பிரேம்கள் சில, கம்பெனியின் சர்வர் இருக்கும் வரைதான் படம் வாங்கும். கம்பெனி அந்தச் சேவையை நிறுத்திவிட்டால் நம் வீட்டில் இருப்பது வெறும் சட்டம். 32 ஜி.பி. கார்டு போதும், படம் ஒன்று 4 எம்.பி. என்றாலும் எட்டாயிரம் படம் பிடிக்கும். அதற்கு மேற்பட்ட கார்டை சில பிரேம்கள் படிக்காது. ஐபோன் 2017-லிருந்து ஹெச்.இ.ஐ.சி. என்ற புது முறையில் படத்தைச் சேமிக்கிறது. பல பிரேம்களுக்கு ஜேபெக்தான் தெரியும். மாற்றிப் போட்டுக் கொள்ளுங்கள். இரவு தானாக அணைந்து காலையில் எழுகிற டைமர் இருக்கட்டும். முக்கால்வாசிப் பிரேம்களுக்கு பேட்டரி கிடையாது, ஒயர் உண்டு. தவழுகிற குழந்தை அந்த ஒயரைப் பிடித்து இழுத்தால் பிரேம் அதன் தலையில்தான். பிளக் பாயிண்டுக்கு அருகில், எட்டாத அலமாரியில் வையுங்கள். மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 10 வாட் பிரேம் தினம் 14 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு எட்டரை யூனிட்டைத் தாண்டாது. அதே நேரம் 80 வாட் டிவியில் படம் ஓட்டினால் 67 யூனிட் ஆகும்.

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. இருக்கிற டிவியிலேயே பென் டிரைவைச் சொருகிப் பார்க்கலாம், பைசாச் செலவில்லை. பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது இதற்கு ஈடில்லை. 'விவிட்' என்று வைத்திருந்தால் முகமெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். 'சினிமா' என்கிற முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஓ.எல்.ஈ.டி. டிவியாக இருந்தால் ஒரே படத்தை மணிக்கணக்காக நிறுத்தாதீர்கள், அதன் தடம் திரையில் தங்கிவிடும். புரொஜெக்டர் வாங்கலாமா என்று இவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார். ஜன்னலை எல்லாம் மூடி இருட்டாக்க வேண்டும், வெள்ளைச் சுவர் வேண்டும், மலிவான சின்னப் புரொஜெக்டரில் பெட்டிமேல் போட்ட தெளிவு படத்தில் இருக்காது. எனக்கு அதில் இஷ்டமில்லை, விஷயம் முடிந்தது.

பழைய டேப்லெட் சும்மா கிடக்கிறதே, அதையே பிரேமாக்கினால் என்ன என்று சிக்கனமாக யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜரில் இருந்தால் உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரி உப்பிவிடும். முதுகு புடைத்திருந்தாலோ திரை மேலே எழும்பியிருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும், தீப்பிடிக்கக்கூட வழியுண்டு. நாம் கூடத்தில் இருக்கும்போது இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு எடுத்து வைக்கலாம். குழந்தை தூங்குகிற அறையில் வேண்டாம்.

கேட்டு எழுதிய சகோதரிக்கு: உங்கள் மாமியார் கையில் கேட்டது ஒரு படம். அதற்கு மிஷின் எதற்கு? பேத்தியின் முகம் பெரிதாக இருக்கிற இரண்டு படத்தை 6×8-ல் மேட் காகிதத்தில் போட்டு, ஒன்றை மவுண்ட் வைத்து அவர் கட்டிலில் இருந்தபடி பார்க்கிற சுவரில் மாட்டுங்கள். மற்றதைச் சட்டம் போடாமல் கையில் கொடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துக் கொள்ளட்டும், கசங்கினால் இன்னொன்று போட்டுக் கொள்ளலாம். டிஜிட்டல் பிரேம் தீபாவளி வரை பொறுக்கட்டும். அதற்கு முன்னால், அந்த மூன்று வருஷப் படத்துக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் நகல் இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நகலை உங்கள் அம்மா வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

பிரிண்ட் போட்ட படத்தின் முதுகில் பெயர், ஊர், வருஷம் எழுத வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே பழைய படங்களையும் ஒரு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பழைய காகிதத்துக்கு மெத்தென்ற பென்சில் போதும், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் தெரியும். இப்போதைய பிரிண்டுகளின் முதுகு வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சோடு இருப்பதால் பென்சில் பிடிக்காது. சி.டி.யில் எழுதுகிற மெல்லிய மார்க்கரால் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த படத்தை அதன்மேல் அடுக்குங்கள்.